பாளிமெந்தாரின் கொப்பி

எங்கள் வாய்க்கால் ஊரில் அவருக்கு முன்னால் ஆட்கள் கதையைக் குறைத்துக்கொண்டார்கள். பயம் என்று சொல்ல ஏலாது. அவர் ஒருவரையும் அதட்டியதில்லை, ஒருவரைப் பற்றியும் புறணி சொன்னதில்லை. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே மனதில் வைத்திருப்பார். அதுதான் ஆட்களுக்குச் சங்கடமாக இருந்தது.

ஒருமுறை இரண்டு சகோதரர்களுக்குள் வேலிப் பிணக்கு. மாசியில் மூத்தவன் மூன்று முழம் விடுவதாக ஒத்துக்கொண்டான். ஆனியில் இரண்டு முழம்தான் சொன்னேன் என்று நின்றான். மாசிக் கதை நடந்தபோது இவர் சைக்கிளைப் பிடித்தபடி தெருவில் நின்றது யாருக்கோ நினைவு வந்து, கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"மூண்டு முழம் விடுறன், ஆனால் வேம்பு எனக்கு எண்டவர். பிறகு இருமினவர். பிறகு தம்பியைப் பாத்து ஒரு தூசணம். அதையும் சொல்லவோ?"

வேண்டாம் என்றார்கள். மூன்று முழம் தீர்ந்தது. ஆனால் அதன் பிறகு அந்த இரண்டு வீட்டாரும் அவரைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

அவர் கொழும்பில், கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பாராளுமன்றக் கட்டடத்தில், இருபது வருடத்துக்கு மேல் சுருக்கெழுத்து எழுதியவர். உறுப்பினர்கள் பேசப் பேச எழுதி, பிறகு தட்டச்சில் அடித்துக் கொடுக்கிற வேலை. அதனால் ஊரில் அவருக்குப் பெயர் பாளிமெந்தார். சொந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. நாங்கள் வடக்கே குடாநாட்டிலிருந்து காடு வெட்டக் குடியேறி வந்தவர்கள். அவர் அப்படி வரவில்லை. அரச மொழியான சிங்களத்தில் சோதினை எழுதித் தேற வேண்டும், இல்லாவிட்டால் ஓய்வெடுக்கலாம் என்று கடிதம் வந்தபோது ஓய்வை எடுத்துக்கொண்டு, மனைவியின் தம்பிக்குக் கிடைத்த காணியில் ஒரு சின்ன வீடு போட்டு இருந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. முரசுமோட்டைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, வாய்க்கால் கரையால் அரை மணித்தியாலம் நடந்தால் அவருடைய வீடு. அடுத்த காணி எங்களுடையது.

ஒல்லி உடம்பு. அரைக்கை வெள்ளைச் சேட்டுப் பையில் எப்போதும் இரண்டு பென்சில், இரண்டு பக்கமும் சீவியது. ஒரு முனை முறிந்தால் திருப்பிப் பிடித்து எழுதலாமாம். சீவிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒருத்தர் ஒரு வசனம் சொல்லி முடித்துவிடுவாராம்.

அவிழ்ந்து திரிந்து வயலில் மேய்கிற கட்டாக்காலி மாடுகளுக்கு ஊரில் ஒரு சட்டம் போட வேண்டும் என்று ஆண்கள் பேசிக்கொண்ட நாட்களில், சட்டம் என்றால் பாராளுமன்றத்தில் யார் எழுதுவது என்று நான் அவரிடம் கேட்டேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மனுசன் குனிந்து எங்கள் முற்றத்து மண்ணில் ஒரு தடியால் கீறிக் காட்டினார். தலைமாட்டில் சபாநாயகரின் கதிரை. அவருக்கு வலக்கைப் பக்கம் அரசாங்கத்து ஆட்கள், இடக்கைப் பக்கம் எதிர்க்கட்சி. நடுவில் செங்கோல் கிடக்கிற மேசை. அதற்குக் கிட்ட இன்னொரு சின்னக் கீறல்.

"இதிலை நான்."

"நீங்கள் எந்தப் பக்கம் ஐயா?"

"பக்கம் இல்லைப் பிள்ளை. அந்த மேசையிலை இருக்கிறவனுக்கு வாய் இல்லை. அதுதான் அங்கத்தைச் சட்டம்."

பிறகு சொன்னார். ஒரு மசோதாவை மூன்று தரம் வாசிக்க வேண்டும். முதலாம் வாசிப்பில் தலைப்பை மட்டும் வாசித்து, அச்சடிக்கக் கொடுப்பார்கள். இரண்டாம் வாசிப்பில்தான் பெரிய பேச்செல்லாம். இது தேவையா இல்லையா என்று நாட்கணக்கில் சண்டை பிடிப்பார்கள். பத்திரிகைக்காரர் அதைத்தான் எழுதுவார்கள். அது முடிந்தால் குழுநிலை. ஒவ்வொரு பிரிவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இந்தச் சொல்லைத் தூக்கு, அந்தச் சொல்லைப் போடு என்று திருத்துகிற இடம் அதுதான். அதற்குப் பிறகு மூன்றாம் வாசிப்பு, அது பேருக்கு. பிறகு மேல்சபையான மூதவைக்குப் போகும். அங்கேயும் இதே வாசிப்புகள். கடைசியில் மகாராணியின் பேரில் இருக்கிற மகாதேசாதிபதியின் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் சட்டம்.

"சத்தம் போடுறது இரண்டாம் வாசிப்பிலை. சட்டம் ஆகிறது குழுநிலையிலை. ஆனால் அந்த நேரம் பாத்தால் கதிரை எல்லாம் வெறுமை. எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போயிடுவினம்."

ஆள் இல்லாமல் எப்படி நடத்துவது என்று கேட்டேன். போதிய ஆட்கள் இல்லை என்று ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னால் மணி அடிப்பார்கள், வெளியே நிற்கிறவர்கள் ஓடி வருவார்கள் என்றார்.

"ஒருத்தரும் எழும்பிச் சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஆக்கள் இருக்கினம் எண்டுதான் கணக்கு. நாங்கள் மேசையிலை இருந்து எண்ணிப் பாத்திருப்பம், எட்டோ ஒன்பதோ பேர். ஆனால் நாங்கள் சொல்லக்கூடாது."

அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை இருந்தது என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.

அவருடைய மனைவிக்கு அந்தப் பெருமை இல்லை. அவா என்னோடு மனம் விட்டுக் கதைப்பா. மொழிச் சட்டம் வந்த நாட்களில் பாராளுமன்றத்துக்கு வெளியே திடலில் எங்கட ஆட்கள் அடிபட்டு, சட்டை கிழிந்து கிடந்தார்கள். உள்ளே அதே சட்டத்தின் வாதத்தை இவர் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய வேலையைப் பின்னாளில் பறிக்கப் போகிற சட்டம் அது. இவர் வீட்டுக்கு வந்தவுடன் அவா வாசலிலேயே மறித்து, உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறா.

"இந்த மனுசன் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு சொல்லுது, 'நான் கேக்கேல்லை, எழுதினனான்' எண்டு. எனக்கு அண்டைக்குத்தான் பிள்ளை நெஞ்சு குளிர்ந்து போச்சுது. இந்த ஆளோடை எப்பிடி இருக்கிறது எண்டு யோசிச்சனான்."

ஆனாலும் இருந்தா. அவர் செத்த பிறகும் கொஞ்சக் காலம் அந்த வீட்டில்தான் இருந்தா.

வயல் செய்கிற கமக்காரரின் கூட்டத்துக்கு அவரை எழுத்தராக வைத்தது தலைவருடைய யோசனை. தலைவருக்கு வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் பாய்கிற இடத்தில் காணி. பாராளுமன்றத்தில் எழுதினவர் எங்கள் கூட்டத்தையும் எழுதினால் நாளைக்கு ஒருவரும் கதை மாற்ற ஏலாது என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அவரும் மறுக்கவில்லை. நீலக் கடதாசியில் உறை போட்ட ஒரு பெரிய எழுத்துக் கொப்பி. கூட்டம் தொடங்கினால் குனிவார், முடிந்தால் நிமிருவார்.

குளத்தில் தண்ணீர் அரைவாசிக்கும் கீழே போன வருடம் அது. கோடையில் சிறுபோகம் எப்படிச் செய்வது என்று பள்ளிக்கூடக் கொட்டிலில் கூட்டம் வைத்தார்கள். என்னுடைய வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்ததால் நான் போயிருந்தேன். பெண்கள் என்று நானும் பூரணமக்காவும்தான். பூரணமக்காவின் புருசன் காடு வெட்டிய காலத்திலேயே பாம்பு கடித்துச் செத்துப்போனான். இரண்டு பெண்பிள்ளைகள். வாய்க்காலின் கடைசிக் காணி அவளுடையது, தண்ணீர் கடைசியாகத்தான் வரும். அன்றைக்கு அவள் என் பக்கத்து வாங்குப் பலகையின் நுனியில் இருந்து முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நல்ல சண்டை நடந்தது. கடைசிக் காணிகளுக்கு இந்த முறை தண்ணீரே இல்லை என்று தலைப்புக்காரர் சிலர் நின்றார்கள். கடைசியில் அரசாங்கக் கந்தோரில் இருந்து வந்த அதிகாரி எழுந்து, எல்லோரும் அரைவாசிக் காணி விதையுங்கோ, எல்லோருக்கும் தண்ணீர் என்று சொல்ல, கை உயர்த்தி ஒத்துக்கொண்டார்கள். அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பூரணமக்காவின் முகம் மலர்ந்து போனதைப் பார்த்தேன். சின்னவளைத் தனிய விட்டுவிட்டு வந்தனான் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். அவளோடு இன்னும் கனபேர் எழுந்து போனார்கள்.

அதற்குப் பிறகுதான் தலைவர், இன்னும் ஒரு சின்ன விசயம் என்றார். பத்து நாளைக்குள் உழுது வரம்பு கட்டி முடிக்காத காணிக்குத் தண்ணீர் திறப்பதில்லை. தண்ணீரை வீணாக்க ஏலாதுதானே. மிச்சம் இருந்தது பத்துப் பன்னிரண்டு பேர். முக்கால்வாசித் தலைப்புக்காரர். கைகள் உயர்ந்தன. பாளிமெந்தார் குனிந்து எழுதினார். ஒரு நிமிடம் கூடப் பிடிக்கவில்லை.

பூரணமக்காவிடம் மாடு இல்லை. எல்லோருடைய உழவும் முடிந்த பிறகு யாரையாவது கெஞ்சித்தான் அவள் உழுவிப்பது வழக்கம். பதினொராம் நாள் தண்ணீர் திறந்தபோது அவளுடைய மடை அடைத்தபடி கிடந்தது. தலைவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டாள். தான் இருந்த கூட்டத்தில் அப்படி ஒரு முடிவே இல்லை என்றாள். கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் சைக்கிளில் வந்து, பக்கத்தைத் திறந்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஐயா, இதைச் சொன்ன நேரம் நீங்கள் அங்கை இருந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, இருந்தனான்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அவருடைய எழுத்தை நம்பாத ஆள் அந்த ஊரில் இல்லை. அவள் அழுது சொன்ன எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்கு முன்னால் பொய்யாகிப் போனது.

அந்தப் போகம் அவளுக்கு இல்லை. கையில் விதைநெல் இல்லாததால் அடுத்த மாரியில், காலபோகத்திலும் முக்கால்வாசி தரிசு. அரசாங்கம் தந்த காணியைச் செய்கை பண்ணாமல் விட்டால் பறித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. யாரோ மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டார்கள். விசாரணைக்கு அவரையும் கொப்பியோடு வரச் சொல்லியிருந்தார்கள். பூரணமக்காவுக்குத் துணையாக நானும் போனேன்.

அங்கேயும் அவர் வாசித்தார். வாசித்து முடித்த பிறகு வழக்கம்போலக் கதிரையில் இருக்கவில்லை. கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். விசாரித்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, ஒரு விசயம். இந்தக் கடைசி முடிவு எடுக்கேக்கை..."

நீர் இந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணிக்காரரோ என்று அதிகாரி கேட்டார். இல்லை, மைத்துனருடைய காணி என்றார். அப்படியென்றால் எழுதினதை வாசித்தால் போதும், இரும் என்றார் அதிகாரி. அவர் இருந்தார். அப்படியே, கதிரையில் விழுகிற மாதிரி இருந்தார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்ததை நான் கண்டேன். சத்தம் வரவில்லை.

காணி பறிபோனது. பூரணமக்கா இரண்டு பிள்ளைகளையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டு முல்லைத்தீவுக்குப் போய்விட்டாள். புருசனுக்கு முந்திப் பழக்கமான, மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரக் குடும்பம் அங்கே கடற்கரையில் கருவாடு போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் ஒரு கொட்டிலும் வேலையும் கொடுத்தார்களாம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நீளத் தாள். பாராளுமன்றத்தில் பொது மனுக்களுக்கென்று ஒரு குழு இருக்கிறதாம். எந்த ஏழையும் தனக்கு நடந்த அநியாயத்தை எழுதி, தன் பகுதி எம்.பி. மூலம் சபையில் சமர்ப்பிக்கலாமாம். குழு விசாரித்து, கந்தோர்க்காரரையே கூப்பிட்டுக் கேள்வி கேட்குமாம். பூரணத்துக்காக ஒரு மனு எழுத வேண்டும் என்றார்.

எழுதுங்கோவன் ஐயா என்று கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு நான் குசினிக்குள் போனேன். சோறு வடித்து, கறி வைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தால் தாள் அப்படியே வெள்ளையாக இருந்தது. மேலே 'கனம் சபாநாயகர் அவர்களுக்கு' என்று மட்டும் அழகான எழுத்து. அவருக்கு வேர்த்திருந்தது.

"என்னாலை ஏலாமல் கிடக்குப் பிள்ளை. ஒரு வசனமும் வருகுதில்லை. நீ சொல்லு, நான் எழுதுறன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மந்திரிமார் பேசியதையெல்லாம் கட்டுக்கட்டாக எழுதின மனுசன். பிறகுதான் விளங்கியது. அவை எல்லாம் மற்றவர்கள் சொன்ன வசனங்கள். நான் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு, எனக்கு வந்த மாதிரிச் சொன்னேன். ஒரு கைம்பெண், இரண்டு பெண்பிள்ளைகள், கடைசிக் காணி, அவள் எழுந்து போன பிறகு எடுத்த முடிவு. அவருடைய பென்சில் ஓடியது. நான் விக்கின இடத்தில் அதுவும் நின்றது.

மனு போனது. இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது: சமர்ப்பிக்கப்பட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று. அதை மடித்துச் சேட்டுப் பையில் பென்சிலோடு வைத்துக்கொண்டு திரிந்தார். அந்த நாட்களில்தான் அவர் சிரித்து நான் பார்த்தது. குழு எப்போது கூடும், யார் யாரைக் கூப்பிடும், அறிக்கை எப்படி அச்சாகிச் சபைக்கு வரும் என்றெல்லாம் நான் கேளாமலே சொன்னார்.

மாரி தொடங்கியிருந்தது. ஒரு நாள் சந்திக் கடை ரேடியோவில், பாராளுமன்றம் கலைந்துவிட்டது, தேர்தல் வரப் போகிறது என்று சொன்னார்கள். கடையில் நின்றவர்களுக்கு அது கதைத்துத் தீர்க்க நல்ல புதினம். அவர் நனைந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, தாழ்வாரத்தில் ஏறாமல் நின்றார்.

"கலைஞ்சால் எல்லாம் செத்துப்போம் பிள்ளை. முடியாமல் கிடக்கிற மசோதா, மனு, குழு எல்லாம். இனி வாற சபைக்கு அதொண்டும் தெரியாது. முதலிலை இருந்து எழுத வேணும்."

திரும்ப எழுதுவோம் ஐயா என்றேன். அவர் தலையசைத்தார். ஆனால் அவருடைய கண் என்னில் இல்லை. முதலில் பூரணத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அவளுக்குக் கடிதம் போடக்கூடாது, நேரே சொல்ல வேண்டும் என்றார். நீயும் வா என்று கேட்டார். தனியப் போக அவருக்குத் துணிவில்லை என்று நினைக்கிறேன்.

மழை விட்ட ஒரு நாள் பஸ் எடுத்துப் போனோம். கடற்கரையில் கொட்டில்களுக்கு முன்னால் பாய் விரித்து மீன் காயப் போட்டிருந்தார்கள். பூரணமக்கா கையில் ஓலையோடு காகம் கலைத்துக்கொண்டு இருந்தாள். கறுத்து, பாதியாகி இருந்தாள். எங்களைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூத்தவள் கூடை பின்னுகிறாள், சின்னவளை வேதக்காரர் தங்கள் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள்.

அவர் நின்றபடியே மனுவின் கதையைச் சொன்னார். அவள் கேட்டாள். பாராளுமன்றம், குழு, கலைப்பு எல்லாம் அவளுக்குக் கடலில் தூரத்தே போகிற கப்பல் மாதிரி இருந்திருக்கும். முடிந்ததும், இவ்வளவு தூரம் இதற்காகவோ வந்தனீங்கள் என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அண்டைக்கு நீ எழும்பிப் போனதை நான் கண்டனான். நீ படியாலை இறங்க முந்தியே தலைவர் அந்தக் கதையைத் தொடங்கியிட்டார். நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இந்தப் பிள்ளை போகுது, நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லியிருக்கலாம்."

"தெரியும் ஐயா," என்றாள் பூரணமக்கா. "படியிலை வைச்சு நானும் திரும்பிப் பாத்தனான். என்னவோ கதை நடக்குது, நிக்கவோ போகவோ எண்டு யோசிச்சனான். நீங்கள் குனிஞ்சு எழுதிக்கொண்டு இருந்தனீங்கள். பெரிய விசயம் எண்டால் ஐயா நிமிர்ந்து பாத்திருப்பார் எண்டு நினைச்சுக்கொண்டு போனனான்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். அவர் கோப்பையைக் கையில் வாங்கினார். ஆனால் குடிக்கவில்லை. தேத்தண்ணி ஆறும் மட்டும் அதைப் பிடித்தபடி நின்றார். அவள் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, காகம் கலைக்கப் போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம் குறைவு. அவர் யன்னல் பக்கம் இருந்தார். பஸ் விசுவமடுவைத் தாண்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன், நித்திரை மாதிரி. நித்திரை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நீயும் அண்டைக்குக் கடைசி மட்டும் இருந்தனி," என்றார்.

"ஓம் ஐயா."

"பத்து நாள் இருந்தது பிள்ளை."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. விடுபட்ட ஒரு சொல்லைக் கேட்டு நிரப்புகிறவருடைய குரல். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்தப் பத்து நாளில் முதல் இரண்டு நாளும் கிணற்றடியில் பூரணமக்காவைக் கண்டேன். முதல் நாள், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முதல் நாள் இரவு என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு முனகினது நினைவுக்கு வந்தது: அவளுக்குப் போகாத தண்ணீர் எங்கட வாய்க்காலுக்குத்தான் வரும், நீ ஏன் வாயைக் குடுக்கிறாய். அதற்குப் பிறகு நான் கிணற்றடிக்கு நேரம் மாற்றிப் போனேன்.

"எங்கடை காணி உழுது முடிஞ்சிருந்தது ஐயா," என்றேன்.

அவர் தலையசைத்தார். எங்கள் சந்தி வந்தது. இறங்கி, வாய்க்கால் கரையால் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். இரண்டு பக்கமும் வயல் பச்சையாக நின்றது. அவர் என் வாசல் மட்டும் வந்து, படலையைத் திறந்து விட்டு, நான் உள்ளே போகும் வரை நின்றார். பிறகு தன் வீட்டுக்குப் போனார். அடுத்த கூட்டத்துக்கு அவர் எழுத வரவில்லை. வேறொருவர் எழுதினார். நானும் போனேன். பூரணமக்கா இருந்த என் பக்கத்து வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை.